பதினேழாவது அத்தியாயம்

பழைய பேப்பர் கடைத் தராசில், யாரோ பத்தாம் வகுப்பு படித்து முடித்த கைடுகளுக்கும் எண்ணெய் இறங்கிய ராசிபலன் புத்தகத்துக்கும் நடுவில் அது கிடந்தது. அட்டையைப் பார்த்ததுமே செல்வலட்சுமி கையிலிருந்த அட்டைப்பெட்டிக் கட்டைக் கீழே போட்டுவிட்டாள். நீல வானம், ஒரு சைக்கிள், ஓரத்தில் புகைவிட்டுப் போகும் ரயில். 'கூப்பன் காலம்'.

"அண்ணே, இத நான் எடுத்துக்கிடட்டுமா?"

"எட்த்துக்கோமா. பாதி கரையான் துன்னுட்சி. இத்த வச்சி இன்னா பண்ணப்போற?" என்றார் கடைக்காரர்.

என்ன பண்ணப்போகிறாள், படிக்கப்போகிறாள். முப்பத்தாறு வயதுப் பெண் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கரையான் அரித்த புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள் என்றால் பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

செல்வலட்சுமிக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற கம்பெனியில் பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்ட் வேலை. பதினோரு வருஷத்தில் காண்ட்ராக்டர் நான்கு பேர் மாறிவிட்டார்கள், அவள் மட்டும் அதே லைனில் அதே பலகைக்கு முன்னால் நிற்கிறாள். பிள்ளைப்பாக்கத்தில் ஜெயலட்சுமி அம்மாள் வீட்டு மாடியில் வேறு இரண்டு பெண்களோடு ஒரு அறை. கட்டிய புருஷன் திருப்பூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். தீர்த்துவிடவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. அவன் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தம்பி இசக்கிதுரை.

தம்பி என்று வாய்தான் சொல்லும். அம்மா போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு எட்டு வயது, இவளுக்குப் பதினேழு. அப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். அன்றிலிருந்து அவனுக்குத் தலை வாரி, சோறு போட்டு, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு, காலேஜ் வரைக்கும் கொண்டுவந்து கரையேற்றியது இவள். இப்போது அவனும் இதே ஒரகடத்தில்தான் இருக்கிறான். வேறு கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர், கழுத்தில் நிரந்தர ஊழியர்களுக்கு உண்டான நீலக் கயிறு.

அவனுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை மண்ணூரில் கல்யாணம். கூட வேலை பார்க்கும் யுவஸ்ரீயைத்தான் கட்டுகிறான். நல்ல பெண், பார்த்த அன்றைக்கே "அண்ணி" என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இவளுக்கு வாயெல்லாம் பல். பிறகுதான் அந்த போன் வந்தது.

அவர்கள் ஊரில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுத்தான் போடுவான். மற்ற இரண்டு முடிச்சையும் அவனுடைய அக்காவோ தங்கையோ பெண்ணுக்குப் பின்னால் நின்று போடவேண்டும். நாத்தனார் முடிச்சு. பெண்ணைப் புது வீட்டோடு சேர்த்துக் கட்டுவதே அந்த இரண்டு முடிச்சுத்தான் என்பார்கள். துரை கால்சட்டை போட்ட காலத்திலிருந்தே செல்வலட்சுமி அந்த இரண்டு முடிச்சைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். தனக்கு என்று வாழ்க்கையில் அவள் கேட்டு வைத்திருந்தது அது ஒன்றுதான்.

"எக்கா, ஒரு விஷயம். தப்பா நினைக்காத," என்று ஆரம்பித்தான் துரை. தப்பாக நினைக்காதே என்று ஆரம்பிக்கிறவன் நல்லதைச் சொன்னதாகச் சரித்திரம் உண்டா?

"சொல்லு."

"மாமா வீட்ல, அதான் யுவஸ்ரீ வீட்ல, ஒரு மாதிரி நினைக்குதாங்க. முடிச்சு போடுறது சுமங்கலியா, புருஷன் கூட இருக்கவங்களா இருந்தா நல்லதுன்னு... சித்தி மவ உலகம்மாளப் போடச் சொல்லலாம்னு ஒரு பேச்சு."

"யாரு பேச்சு?"

"பேச்சுதான்க்கா. இன்னும் ஒண்ணும் முடிவாவல."

அவன் பூசி மெழுகியதிலேயே எல்லாம் முடிவாகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோனது. "சரி, பாப்போம்," என்று வைத்துவிட்டாள். வைத்துவிட்டு மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த யூனிபார்ம் சட்டைக்குப் பின்னால் நின்று அழுதாள். அது வியாழக்கிழமை. புத்தகம் கிடைத்தது அடுத்த ஞாயிறு. கல்யாணத்துக்கு இன்னும் ஏழு நாள்.

'கூப்பன் காலம்' பெரிய பேர்வாங்கிய புத்தகம் ஒன்றும் இல்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். அரிசிக்குக் கூப்பன், மண்ணெண்ணெய்க்குக் கூப்பன், கண்ட்ரோல் கடையில் ஒரே தினுசுத் துணி வந்து ஊரே ஒரே பூப்போட்ட சட்டையோடு திரிகிறது. அந்த ஊரில் சிதம்பரம் என்று பதிமூன்று வயதுப் பையன். பட்டாளத்தார் ஏலம் விட்ட ஒரு சைக்கிளைத் தேடிப்பிடித்து, விழுந்து எழுந்து ஓட்டப் பழகி, பரீட்சையில் ஜெயித்து, கடைசியில் மேல்படிப்புக்கு மதராஸ் ரயில் ஏறுகிறான். கதையை அவனே சொல்லுகிறான். பதினைந்து வயதில் செல்வலட்சுமி கிளை நூலகத்தில் எடுத்துப் படித்தபோது சிதம்பரம் அவள்தான். அவனோடு சைக்கிளில் விழுந்தாள், அவனோடு ரயில் ஏறினாள். நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை, கொடுக்கவும் இல்லை.

அம்மா செத்த பிறகு துரை தூங்காமல் கிடந்தபோது அவனுக்கு அந்தப் புத்தகத்தைத்தான் வாசித்துக் காட்டினாள். ஒருதடவை இரண்டு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. "சைக்கிள் வார எடம் படி," என்பான். "ரயில் வார எடம் படி," என்பான். அவன் இன்ஜினியர் ஆனதற்கு அந்தச் சைக்கிளும் ரயிலும்தான் காரணம் என்று அவள் லைனில் இருக்கும் பெண்களிடம் பலதடவை சொல்லியிருக்கிறாள். அந்தப் பழைய பிரதி ஊரில் வீடு ஒழுகியபோது நனைந்து கூழாகிவிட்டது.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் முதல் பக்கத்தைப் பிரித்தாள். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்து, "இன்னாக்கா, பரீட்ச எய்தப்போறியா?" என்றான். புத்தகத்தை உள்ளே விடமாட்டார்கள். லாக்கரில் வைத்துவிட்டுப் போய், சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து நாலு பக்கம் படித்தாள்.

என்ன ஆச்சரியம், சிதம்பரத்தை இப்போது அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சரியான பிடிவாதக்காரப் பயல். அவன் சைக்கிளில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வரும்போதெல்லாம், அவள் கண் அவனை விட்டுவிட்டு, மஞ்சளும் எண்ணெயும் எடுத்து வருகிறவள் பக்கம் போனது. சிதம்பரத்தின் அக்கா. இத்தனை நாளாக அவள் எங்கே இருந்தாள்?

இருக்கத்தான் செய்தாள். விடியற்காலையில் கூப்பன் வரிசையில் நின்றாள். பீடி சுற்றினாள். சைக்கிள் ஏலத்துக்குத் தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் புருஷன் பர்மாப் பக்கம் யுத்தத்துக்குப் போனவன். யுத்தம் முடிந்து ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தும் அவன் மட்டும் வரவில்லை, செத்தான் என்ற சேதியும் வரவில்லை. அவள் பூ வைக்கலாமா கூடாதா என்று ஊர் இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தது. செல்வலட்சுமி அவள் பெயர் என்ன என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். தபால்காரருக்குப் பெயர் இருந்தது. ரேஷன் கடைக் கணக்குப்பிள்ளைக்குப் பெயர் இருந்தது. எருமைக்குக்கூடப் பெயர் இருந்தது. அவள் முந்நூறு பக்கத்திலும் அக்காதான்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பதினேழாவது அத்தியாயம் வந்தது. இரண்டு வரி படித்ததும் கை நின்றுவிட்டது.

இந்த அத்தியாயத்தை அவளுக்குத் தெரியும். பதினைந்து வயதில் ஒருதடவை அலுப்போடு மேய்ந்திருக்கிறாள். துரைக்கு வாசித்துக் காட்டியபோது ஒருதடவைகூட வாசித்ததில்லை. சைக்கிளும் இல்லை ரயிலும் இல்லை, ஏழு பக்கம் முழுக்க அக்கா பேசிக்கொண்டிருக்கிறாள், சின்னப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் பொம்பளைப் புலம்பல் என்று அந்த ஏழு பக்கத்தையும் சேர்த்து ஒரு ஹேர்பின் மாட்டி வைத்திருந்தாள். பதினாறு முடிந்ததும் நேராகப் பதினெட்டு. "ஏன்க்கா, அவன் ரயில் ஏறும்போது அவங்க அக்கா வரல?" என்று துரை ஒருநாள் கேட்டான். "அவளுக்கு என்ன ஜோலி இருந்துச்சோ," என்றாள் இவள். வாயில் வந்தது அது.

இப்போது அந்த ஏழு பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் படித்தாள். படித்து முடித்தபோது மணி அடித்து எல்லாரும் லைனுக்குப் போய்விட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் வந்து கத்தினான். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரே கதையை ஏழெட்டுத் தடவை சொல்லி வளர்த்து, அதில் அக்கா என்கிறவள் வாயைத் திறக்கிற ஒரே இடத்தைத் தன் கையாலேயே பின் குத்தி மூடியிருக்கிறாளே! எதுவும் கேட்காதவள்தான் அக்கா என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தால் அது அவன் குற்றம் மட்டுமா?

அன்று சாயங்காலம் ஜெயலட்சுமி அம்மாள் படியேறி வந்து முகத்தைப் பார்த்தாள். "இன்னா செல்வி, தம்பி கண்ணாலத்த வச்சிகினு மூஞ்சிய இப்டி தூக்கி வச்சிகினுகீற?"

செல்வலட்சுமி விஷயத்தைச் சொன்னாள். முடிச்சு, உலகம்மாள், எல்லாம்.

"அடப்பாவி. வாயத் தொறந்து கேட்டியா அவன?"

"கேக்கலம்மா."

"கேளு. கேக்காத இருந்துட்டு அப்பால மாடில நின்னுகினு அய்வுற. அவன் வாயில இன்னா வருதுன்னு காதால கேட்டுக்கோ."

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். துரை கல்யாணத்துக்கென்று ஸ்ரீபெரும்புதூரில் புதிதாக எடுத்திருந்த வீட்டுக்குக் காலை பதினோரு மணிக்குப் போனாள். மூன்றாவது மாடி. பிளாஸ்டிக் உறை பிரிக்காத கட்டில், மூலையில் வாட்டர் கேன். துரை கையெல்லாம் பசையோடு, ஜன்னலில் கொக்கி ஒட்டித் திரை மாட்டிக்கொண்டிருந்தான்.

"வா எக்கா! இன்னைக்கு ஷிப்ட் இல்லியா?"

"லீவு. நீ உக்காரு, உனக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டணும்."

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அதைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்ததே, ஒன்பது வயதுப் பிள்ளை அப்படியே எழுந்து வந்துவிட்டது. "எக்கா! எங்க பிடிச்ச இத? சைக்கிள் எடம் படிக்கா!" என்று கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். திரைக்கம்பி கையிலேயே இருந்தது.

"சைக்கிள் இல்ல. உனக்கு நான் படிக்காம விட்ட எடம் ஒண்ணு இருக்கு. பதினேழாவது அத்தியாயம்."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. நான்தான் மறைச்சிட்டேன்."

அவள் படித்தாள். ரயிலுக்கு முந்தின நாள். வீட்டில் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். நாளைக்குப் பிள்ளை புறப்படும்போது நீ எதிரே வராதே, பின்கட்டில் இரு என்று அக்காவிடம் அத்தை சொல்லிவிட்டுப் போகிறாள். அக்கா சிதம்பரத்தின் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

"'ரயிலடிக்கு நான் வருவேன் சிதம்பரம்' என்றாள் அக்கா. 'கூப்பன் வரிசையில் முதல் ஆளாக என்னை நிறுத்தினபோது யாரும் சகுனம் பார்க்கவில்லை. நான் வாங்கி வந்த அரிசியை எல்லாரும்தான் தின்றீர்கள். என் தோட்டை விற்ற சைக்கிளில்தான் நீ பள்ளிக்கூடம் போனாய். அப்போதெல்லாம் ராசியாக இருந்தவள் இப்போது எப்படி ஆகாதவள் ஆனேன்? ஊர் சொல்லட்டும், அத்தை சொல்லட்டும். நீ சொல். அக்கா வா என்று நீ ஒரு வார்த்தை சொல். நான் வருகிறேன்.' நான் சொல்லவில்லை. எனக்கு ரயிலைப் பற்றித்தான் நினைப்பாக இருந்தது. விடியுமுன்னே அவளை எழுப்பாமல் கிளம்பிவிட்டேன்."

நிமிர்ந்து பார்த்தாள். துரையின் கண்கள் நிறைந்திருந்தன. திரைக்கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"பாவம்க்கா அவ," என்றான். "என்ன பய அவன்! ஒரு வார்த்த சொன்னா குறைஞ்சா போவான்? இவ்வளவு செஞ்சவள இப்படியா விட்டுட்டுப் போவாங்க? இவனப் போயி நான் பெரிய ஹீரோன்னு நினைச்சேன் பாரு."

செல்வலட்சுமிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. புரிந்துவிட்டது அவனுக்கு. இத்தனை வருஷம் வளர்த்தது வீண் போகவில்லை. ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், அவள் சந்தோஷமாக இருந்தாள்.

"துரை," என்றாள். "முடிச்சு நான் போடுதேன். நீ ஒரு வார்த்த சொல்லு மாமாட்ட."

அவன் அவளைப் பார்த்தான். எங்கிருந்து எங்கே வந்துவிட்டாள் இவள் என்பது போலப் பார்த்தான்.

"எக்கா... அது வேறக்கா. அது அந்தக் காலத்துக் கதை."

"என்ன வேற?"

"அவங்க பெரிய குடும்பம். ஊரே வரும். மண்டபத்துல வச்சு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுல்லா. யுவஸ்ரீக்குத்தான் சங்கடம். எனக்கு இதெல்லாம் நம்பிக்கை கிடையாது, உனக்குத் தெரியும்லா? நீ முன் வரிசைல உக்காரு. பட்டுச் சேலை எடுத்துத் தாரேன். அது போதாதா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் போன் அடித்தது. கையில் பசை இருந்ததால் மேஜை மேல் வைத்தபடியே ஸ்பீக்கரில் போட்டான். யுவஸ்ரீயின் அப்பா பொன்னுரங்கம். நல்ல மனுஷன், வெண்கலக் குரல்.

"மாப்ள, ஐயரு கேக்குறாரு. அந்த முடிச்சி மேட்டரு இன்னா ஆச்சி? ஒங்க அக்காகிட்ட பேசிட்டியா? மனசு கஷ்டப்பட்டுதுன்னா சொல்லு. நாங்க இன்னா பெரிய சாஸ்திரமா பாக்குறோம்? எங்க பெரியம்மாதான் ஏதோ சொல்லிச்சி. நீ அக்காதான்னு சொன்னா அக்காவே போடட்டும். நீ சொல்றதுதான்."

கீழே ரோட்டில் ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. துரை அக்காவைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தான், கையிலிருந்த பசையைப் பார்த்தான்.

"பேசிட்டேன் மாமா," என்றான். "உலகம்மாதான் போடும். எங்க அக்காவே அப்படித்தான் சொல்லிச்சு. அக்கா இதெல்லாம் எதிர்பார்க்காது."

"அப்ப சரி மாப்ள. நல்ல மனசு அந்தப் பொண்ணுக்கு."

போன் அணைந்தது. செல்வலட்சுமி புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். மாமா வீடு, பெரிய குடும்பம், ஊர் என்று அவன் அடுக்கியதெல்லாம் கண்முன்னால் கழன்று விழுந்துவிட்டது. மிச்சம் நின்றது அவன் ஒருத்தன். மண்டபத்தில் கம்பெனிக்காரர்கள் முன்னால், காண்ட்ராக்ட் யூனிபார்மில் பஸ் ஏறுகிற, புருஷன் விட்டுப்போன ஒருத்தி மேடையில் வந்து நிற்பதை வேண்டாம் என்று சொன்னது அவன்.

"அப்ப நான் வரல துரை," என்றாள்.

"எக்கா, சும்மா இரு..."

"கோவத்துல சொல்லல. வரல."

அப்போது அவன் முகத்தில் ஒன்று வந்து போனது. மற்றவர்கள் பார்த்திருந்தால் வருத்தம் என்றுதான் நினைத்திருப்பார்கள். காய்ச்சலில் கிடந்தபோதும், பொய் சொல்லி மாட்டியபோதும், பரீட்சை முடிவு பார்த்தபோதும் அந்த முகத்தைப் படித்தவள் அவள். அது நிம்மதி.

"சரிக்கா," என்றான் மெதுவாக. "உன் இஷ்டம். நான் என்னத்தச் சொல்ல."

அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். வாசலில் செருப்பைத் தேடிப் போடும்போது பின்னாலிருந்து அவன் கூப்பிட்டான்.

"எக்கா, அந்தப் புக்க வச்சிட்டுப் போயேன். மிச்சத்தையும் படிச்சுப் பாக்கணும் போல இருக்கு. யுவஸ்ரீக்கும் காட்டுதேன்."

அவன் கேட்டு அவள் கொடுக்காதது என்று அதுவரை ஒன்றுமில்லை. கை தன்னால் பைக்குள் போய்விட்டது. புத்தகத்தைப் பிடித்தும்விட்டாள்.

"இல்ல துரை," என்றாள். "இது எனக்கு வேணும்."

மூன்று மாடியும் நடந்தே இறங்கினாள். இரண்டாவது மாடி வரைக்கும், மேலே கதவு திறந்து அவன் கூப்பிடுவான் என்று காது அங்கேயே இருந்தது. கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது.